பன்னிரண்டு மெஷின் போதும்

திருப்பூரில் ஒரு கல்லூரியில் தொழில்முனைவோர் நாள் என்று ஒன்று நடத்தினார்கள். ஜி.எஸ்.டி. பற்றி அரை மணி நேரம் பேச என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் ஊக்கப் பேச்சாளர். நன்றாகவே பேசினார், பிள்ளைகள் கைதட்டிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அவர் சொன்ன ஒரு விஷயம் மட்டும் எனக்கு இன்னும் செரிக்கவில்லை. வேறு வழியில்லாமல் தொழிலுக்கு வருகிறவன் வயிற்றைக் கழுவுவான், கனவோடு வருகிறவன்தான் ஜெயிப்பான் என்றார். கேட்க அழகாக இருந்தது. எனக்கோ என் ஆபீஸ் அலமாரிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதில் இருக்கும் ஃபைல்களை அவர் சொன்ன இரண்டு தட்டில் பிரித்து வைத்துப் பார்த்தால், கனவுத் தட்டில் மூடிய ஃபைல்கள் அதிகம். வேறு வழியில்லாதவர்கள் மாதாமாதம் வந்துகொண்டிருக்கிறார்கள்.

நான் வரி ஆலோசகர். பெயர் கொஞ்சம் பெரிது. மாதம் இருபதாம் தேதி நெருங்கும்போது மஞ்சப்பையில் பில் புக்கையும் டெலிவரி சலான் கட்டையும் போட்டுக்கொண்டு வருகிற சின்ன யூனிட்காரர்களுக்கு ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பதுதான் வேலை. பவர் டேபிள் (கரண்டில் ஓடும் தையல் மெஷின்), செக்கிங் - அயர்னிங், எம்ப்ராய்டரி, லேபிள், அட்டைப்பெட்டி என்று பெரும்பாலும் ஜாப் ஒர்க்காரர்கள், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுப்பவர்கள். இவர்கள் ஏன் சொந்தமாக ஆரம்பித்தார்கள் என்பது எனக்குத் தெரியும். என்ன சம்பாதிக்கிறார்கள் என்பதும் தெரியும். இரண்டும் ஒரே ஆளுக்குத் தெரிந்திருப்பது அபூர்வம் என்பதால்தான் இதை எழுதத் தோன்றியது.

படிவத்துக்கு ஒரு காரணம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கடன் கேட்பவர்களுக்குத் திட்ட அறிக்கை தயார் செய்து கொடுப்பதும் நான்தான். தொழில் தொடங்கும் நோக்கம் என்ன என்ற இடத்தில் பத்து வருடமாக ஒரே வாக்கியம்தான் போடுகிறேன்: “இத்துறையில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு சுயமாகத் தொழில் புரிந்து, பிறருக்கும் வேலைவாய்ப்பு அளிப்பது.” பேரும் ஊரும் மட்டும் மாறும். மாவட்டத் தொழில் மையத்திலோ வங்கியிலோ யாரும் இதை மறுத்ததில்லை. படித்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

டீ குடிக்கும்போது வரும் காரணம் வேறு. ஒருவருக்கு 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடியபோது வேலை போயிற்று. வேறு பட்டறை திறக்கும்வரை சும்மா இருக்க முடியாது என்று மச்சானோடு சேர்ந்து இரண்டு ஓவர்லாக் தையல் மெஷின் போட்டார். இன்னொரு பையனுக்குப் பெண் பார்த்தார்கள். ஜாதகத்தோடு போகும் தாளில் ‘தனியார் வேலை’ என்று இருப்பதைவிட ‘சொந்தக் கம்பெனி’ என்று இருந்தால் இடம் நன்றாக அமையும் என்று அப்பாவே பணம் போட்டு எம்ப்ராய்டரி யூனிட் வைத்துக் கொடுத்தார். ஒரு பெண்ணுக்குக் கைக்குழந்தை. காலை எட்டரை மணிக்குப் போனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வரும் வேலைக்கு அவரால் போக முடியவில்லை. வீட்டு முன்னறையிலேயே மெஷின் போட்டுவிட்டார். ஒருவர் சம்பளத்தைவிட அதிகம் வேண்டும் என்று வந்தவர், அதை மறைக்கவும் இல்லை. இன்னொருவர் கோபத்தில் வந்தவர். அவரைப் பற்றிப் பிறகு.

இதையெல்லாம் துரத்தல், இழுப்பு என்று இரண்டாகப் பிரிப்பது ஆராய்ச்சிக்காரர்களுக்கும் பழக்கமாகத்தான் இருந்தது. பல நாடுகளில் தொழில்முனைவை அளக்கும் குளோபல் ஆன்ட்ரப்ரனர்ஷிப் மானிட்டர் என்ற ஆய்வு, 2001 வாக்கிலேயே தொழில் தொடங்குபவர்களை வாய்ப்பைப் பார்த்து வந்தவர், தேவைக்காக வந்தவர் என்று பிரித்தது. 2019இல் அந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார்கள். உலகில் ஒரு மாற்றம் செய்ய, பெரிய அளவில் பணம் சேர்க்க, குடும்பத் தொழிலைத் தொடர, வேலை கிடைப்பது கஷ்டம் என்பதால் பிழைக்க என்று நான்கு காரணங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லலாம். ஒருவரே நான்குக்கும் ஆமாம் என்று சொல்லலாம். என் அலமாரியைப் பார்த்துவிட்டு மாற்றியதுபோல இருந்தது எனக்கு. எம்ப்ராய்டரிப் பையனை எந்தத் தட்டில் வைப்பது? அவனைத் துரத்தியது கல்யாணம், இழுத்ததும் கல்யாணம்.

துரத்தப்பட்டு வந்தவர்கள் தோற்பார்கள் என்பதற்கும் ஆதாரம் அவ்வளவு கெட்டியாக இல்லை. ஜெர்மனியில் 2003 முதல் 2006 வரை ஒரு திட்டம் இருந்தது. வேலையிழந்த ஒருவர் சொந்தத் தொழில் தொடங்கினால் முதல் வருடம் மாதம் 600 யூரோ, இரண்டாம் வருடம் 360, மூன்றாம் வருடம் 240 என்று அரசு கொடுத்தது. இதில் சேர்ந்தவர்கள் எல்லாருமே வேலையில்லாமல் வந்தவர்கள். பிற்பாடு இவர்களைத் தொடர்ந்து பார்த்தபோது, கிட்டத்தட்ட ஐந்து வருடம் கழித்தும் பாதிக்கு மேற்பட்டோர் சொந்தத் தொழிலிலேயே இருந்தார்கள். ஆனால் ஆள் வைத்து வளர்த்தவர்கள் குறைவு, பெரும்பாலும் தனி ஆளாகவே ஓட்டினார்கள். இதை வெற்றி என்பதா தோல்வி என்பதா என்று கேட்டால், பேச்சாளர் தோல்வி என்பார். அந்த ஜெர்மன்காரரின் வீட்டில் வேறு மாதிரி சொல்வார்கள்.

காரணத்தை எப்போது கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1990களின் பிற்பகுதியில் ஷரத் சாரி என்ற ஆய்வாளர் திருப்பூரில் தங்கி, தொழிலாளியாக இருந்து முதலாளியானவர்களை விசாரித்தார். எப்படி மேலே வந்தீர்கள் என்று கேட்டால் எல்லாரும் சொன்ன பதில் உழைப்பு. அதில் பொய் இல்லை, மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்கள்தான். ஆனால் பின்னால் விற்கவோ அடகு வைக்கவோ கொஞ்சம் நிலம் இருந்தது, கடன் கொடுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள், ஒரே சாதிக்காரர் என்பதால் சலான் இல்லாமலே துணியைக் கொடுத்த முதலாளி இருந்தார். இவையெல்லாம் உழைப்பு என்ற ஒரு சொல்லுக்குள் அடங்கிப் போய்விடும். இருபது வருடம் கழித்து மேடையில் ‘எனக்கு ஒரு கனவு இருந்தது’ என்று சொல்பவரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சந்தேகம் வரும். ஆரம்பித்த அன்று இவரைக் கேட்டிருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பார். தோற்றவரை யாரும் மேடைக்குக் கூப்பிடுவதில்லை, அவருடைய கனவு என்னவாக இருந்தது என்று கேட்கவும் வழியில்லை.

கோபத்தில் வந்தவர்

பி.என். ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் பன்னிரண்டு மெஷின் வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் பேட்லாக் மெஷின் டெய்லர். மனைவி அதே லைனில் சிங்கர் மெஷின் டெய்லர். ஒரு நாள் அளவு தப்பாக வந்த பீஸ்களைக் கட்டிங் மாஸ்டர் இவர் முகத்தில் தூக்கி எறிந்தார். தப்பு கட்டிங்கில்தான் என்று பிறகு தெரிந்தது, அது வேறு கதை. எறிந்ததுகூடப் பரவாயில்லையாம், மனைவி பார்த்துக்கொண்டிருந்தார் என்பதுதான் தாங்கவில்லையாம். அன்று சாயங்காலமே இருவரும் வெளியே வந்துவிட்டார்கள். நகையை வைத்துப் பழைய மெஷின் மூன்று வாங்கினார்கள். திட்ட அறிக்கை, மானியம் எதுவும் கிடையாது. என்னிடம் வந்ததே ஜி.எஸ்.டி. வந்த பிறகுதான்.

இவருடைய கணக்கு நோட்டு பார்க்கப் பார்க்க எனக்குப் பிடிக்கும். நாற்பது பக்க ரூல்டு நோட்டு. ஒவ்வொரு டெய்லருக்கும் ஒரு பக்கம். எந்த ஸ்டைல், கழுத்துப்பட்டி எத்தனை, தோள் எத்தனை, கைக்கு எத்தனை என்று பென்சிலில் எழுதி வைத்திருப்பார். சனிக்கிழமை சம்பளம் கொடுத்தவுடன் அதன்மேல் பேனாவால் ஒரு கோடு. கோடு விழாத பக்கத்தோடு ஒரு சனிக்கிழமையும் போனதில்லை. கொரோனா ஊரடங்கு வாரங்களில் பக்கங்கள் காலியாக இருக்கும், அதன் நடுவிலும் சில பேருக்கு ஐநூறு, ஆயிரம் என்று எழுதிக் கோடு போட்டிருப்பார்.

2024 தீபாவளி முடிந்த கையோடு ஒரு ஏற்றுமதி நிறுவனம் இவரைக் கூப்பிட்டது. அவசரத்துக்கு அவ்வப்போது இவரிடம் பீஸ் கொடுத்து வாங்கியவர்கள்தான், தரத்தில் திருப்தி. நாற்பது மெஷினாக ஆக்குங்கள், வருடம் முழுக்க ஓட்டம், அதாவது விடாமல் தைக்க வேலை, தருகிறோம் என்றார்கள். அந்த வருடம் ஊரே சுறுசுறுப்பாக இருந்தது. முந்தைய நிதியாண்டில் சரிந்திருந்த ஏற்றுமதி மறுபடி ஏறி, 2024-25இல் 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்து நின்றது. சொத்து அடமானம் இல்லாமல் அரசு உத்தரவாதத்தின் பேரில் கடன் தர வங்கியும் தயார். நான் எக்ஸெலில் கணக்குப் போட்டு, வட்டி, தவணை, வாடகை எல்லாம் போக என்ன நிற்கும் என்று பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். உண்மையாகவே நல்ல கணக்கு. அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீயைக் குடித்து முடித்தார்.

“கணக்கு நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா வேண்டாமுங்க.”

“ஏனுங்க?”

“நாப்பது மெஷின் போட்டா அவங்க தரம் பாக்கற க்யூ.சி. தினமும் வந்து உக்காந்துக்குவாரு. அப்புறம் ஆடிட்டுன்னு வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் ஆளு வருவான். பாத்ரூம் எத்தனைம்பான், ரிஜிஸ்டர எடும்பான், இந்தக் கதவு ஏன் பூட்டியிருக்குதும்பான். அன்னைக்கு ஒரு மாஸ்டர் கேட்டதுக்கே நான் வெளிய வந்தவனுங்க. இப்பப் பத்துப் பேரு என்னையக் கேள்வி கேக்கறதுக்கு நானே கடன் வாங்கிப் போடறதா?”

நான் வாதாடிப் பார்த்தேன். பாத்ரூம் எத்தனை என்று கேட்பது நியாயம்தானே, உள்ளே வேலை செய்கிறவர்களுக்காகத்தானே கேட்கிறார்கள் என்றேன். நியாயம்தான், ஆனால் கேட்கிற விதம் ஒன்று இருக்கிறதல்லவா என்றார். பன்னிரண்டு மெஷின் என்றால் எல்லார் முகமும் தெரிகிறது, நாற்பது என்றால் சூப்பர்வைசர் வைக்க வேண்டும், அவன் யார் முகத்தில் எதை எறிவான் என்று நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றார். அதோடு தாளை மடித்து மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, அந்த மாத ரிட்டர்னைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

அன்றைக்கு இரவு வரை அது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தொழில் தொடங்கியதற்கான காரணம் தொடங்கியவுடன் தன் வேலையை முடித்துக்கொண்டு போய்விடும், அதன்பிறகு சந்தை, வட்டி, ஆள் பற்றாக்குறை என்று எல்லாருக்கும் பொதுவான காரணங்கள்தான் என்று எண்ணுவது எங்கள் தொழிலில் வழக்கம். இவர் விஷயத்தில் அந்தக் கோபம் இன்னும் யூனிட்டை நிர்வாகம் செய்துகொண்டிருக்கிறது. எதை வேண்டாம் என்று சொல்வது என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அப்படி யோசித்துப் பழைய ஃபைல்களை எடுத்துப் பார்த்தால் நிறைய விளங்கியது. இவருக்கு இதுவரை வராக்கடன் என்று ஒன்று கிடையாது. திருப்பூரில் ஜாப் ஒர்க் யூனிட்டுகள் சாவது பெரும்பாலும் ஓட்டம் இல்லாமல் அல்ல, செய்த வேலைக்குப் பணம் வராமல்தான். வேலை முடித்துக் கொடுத்துத் தொண்ணூறு நாள், நூற்றிருபது நாள் நடையாக நடக்க வேண்டும். டெய்லருக்கோ சனிக்கிழமை காசு வேண்டும். இவர் அந்த நடையை நடக்கவே மாட்டார். ஒருவன் ஆபீஸ் வாசலில் பேமெண்டுக்காக உட்கார்ந்திருப்பதும் மாஸ்டர் முன்னால் நிற்பதும் இவருக்கு ஒன்றுதான். இரண்டு வாரத்துக்குமேல் இழுக்கிற பார்ட்டிக்கு அடுத்த லாட் தைப்பதில்லை, ரேட் எவ்வளவு கூடுதலாகச் சொன்னாலும் சரி. சின்ன நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் தராவிட்டால், தருகிற வருடம்வரை அந்தச் செலவை வாங்கியவர் கணக்கில் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்தில் 2024இல் அமலுக்கு வந்த 43பி(எச்) பிரிவு என்ன செய்ய நினைத்ததோ, அதை இவர் தன்மானத்தை வைத்தே பல வருடமாகச் செய்துகொண்டிருக்கிறார். சட்டத்தைவிட இது நன்றாகவே வேலை செய்தது.

கணக்கு என்ன சொல்கிறது

சரி, இவர் ஜெயித்தவரா? எல்லாச் செலவும் போக மாதம் நாற்பதாயிரம் சொச்சம் நிற்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இவரும் மனைவியும் வெளியே வேலைக்குப் போனால் ஒன்றரை ஷிப்டுக்கு ஆளுக்கு எழுநூற்றைம்பது ரூபாய் என்று வைத்தாலும் மாதம் இருபத்தாறு நாளுக்கு முப்பத்தொன்பதாயிரம் வரும். அதாவது, மெஷினில் போட்ட முதலுக்கு வட்டி, கரண்ட் போனால் வரும் தலைவலி, ஆள் லீவு போட்டால் தானே உட்கார்ந்து தைக்கிற ராத்திரிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மிச்சம் ஓரிரண்டாயிரம்தான். மனைவிக்கு நோட்டில் தனிப் பக்கம் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். அவர் தைக்கிற பீஸ்களை யாரும் எண்ணுவதில்லை.

இது திருப்பூர் சந்தில் மட்டும் நடக்கிற விசேஷம் இல்லை. பார்ட்டன் ஹாமில்டன் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்கத் தரவுகளை வைத்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வருடம் சொந்தத் தொழிலில் இருக்கும் நடுமட்டத்துக்காரர், அதே பத்து வருடம் ஒரு வேலையில் இருந்திருந்தால் சம்பாதித்திருக்கக்கூடியதைவிட 35 சதவீதம் குறைவாகச் சம்பாதிக்கிறார் என்று காட்டினார். இவ்வளவு குறைத்துக்கொண்டும் ஏன் திரும்பிப் போகவில்லை? பணத்தில் காட்ட முடியாத ஏதோ ஒன்றை வாங்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் சொன்ன விளக்கங்களில் ஒன்று. எங்கள் ஊர்க்காரர் மாதாமாதம் வாங்குவது என்ன என்று எனக்குத் தெரியும்: முகத்தில் பீஸ் விழாமல் இருப்பது.

அந்த விலையை அவர் மட்டும் கொடுப்பதில்லை என்பதும் உண்மை. பத்துப் பேரைத் தொட்டால் மருத்துவக் காப்பீட்டுக்கான இ.எஸ்.ஐ., இருபதைத் தொட்டால் சேமநிதியான பி.எஃப். கட்ட வேண்டும். இவர் இ.எஸ்.ஐ. ஒழுங்காகக் கட்டுகிறார். ஆள் எண்ணிக்கை இருபதைத் தொடவே தொடாது. கேள்வி கேட்க வருபவர்களில் பி.எஃப். ஆபீசரும் ஒருவர் அல்லவா? இவரிடம் எட்டு வருடம் தைத்த ஒரு டெய்லர், மகள் கல்யாணத்துக்கு எடுக்க பி.எஃப். பணம் என்று ஒன்று இல்லையே என்று சொல்லிப் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். சின்னதாக இருப்பதே அழகு என்று யாராவது இவரை வைத்துக் கட்டுரை எழுதினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பணத்துக்காக வந்தவர் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக, அதாவது பையருக்கும் (வெளிநாட்டில் வாங்குபவர்) கம்பெனிக்கும் நடுவில் ஆர்டரைக் கவனிப்பவராக, இருந்தவர். பையர் என்ன விலை தருகிறான், முதலாளிக்கு என்ன நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, இதில் கொஞ்சம் எனக்கு வரட்டுமே என்று வெளியே வந்தார். இவருக்கு யார் கேள்வி கேட்டாலும் கவலை இல்லை. ஆடிட்காரருக்கு இளநீர் வாங்கி வைப்பார். நடுராத்திரி பையர் கூப்பிட்டால் இரண்டாவது ரிங்கில் எடுப்பார். நாற்பது மெஷினும் நிறையக் கடனும் இருக்கிறது. பி.என். ரோட்டுக்காரரைப்போல நாலு மடங்கு சம்பாதிக்கிறார். 2022இல் நூல் விலை ஏறியபோது திணறினார். 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது இவருடைய ஆர்டரில் பெரும்பகுதி அப்படியே நின்றுபோனது. உள்நாட்டுக்கு விற்கும் காதர்பேட்டைச் சந்தைக்குத் தீபாவளி சரக்கு தைத்துக்கொண்டிருந்த பி.என். ரோட்டுக்காரருக்கு அந்த மாதம் வரி என்பதே பேப்பரில் படிக்கிற செய்தி. இதை வைத்து யார் புத்திசாலி என்று சொல்லிவிட முடியாது. 2024இல் பார்த்திருந்தால் தீர்ப்பு வேறு. வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்துக்கும் இவர்கள் இருவரும் எதற்காகத் தொழிலுக்கு வந்தார்கள் என்பதற்கும் சம்பந்தமே கிடையாது.

ஆனால் இந்த மெர்ச்சண்டைசருடைய காரணத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பணத்துக்காக வந்தவர் பணம் வரவில்லை என்றால் எழுந்து போய்விடுவார். இடையில் பிரிண்டிங் யூனிட் ஒன்று ஆரம்பித்தார். எட்டு மாதத்தில் கணக்கைக் காட்டச் சொன்னார், பார்த்தார், அந்த வாரமே மூடினார். முகத்தில் வருத்தம்கூட இல்லை. அமெரிக்க ஆர்டர் நின்றதும் பாதி இடத்தை உள்வாடகைக்கு விட்டுவிட்டு, 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தை நம்பி அங்கத்திய பையர்களுக்கு சாம்பிள் அனுப்ப ஆரம்பித்துவிட்டார். கல்யாணத்துக்காகக் கம்பெனி வைத்த எம்ப்ராய்டரிப் பையனால் அது முடியவில்லை. மூன்று வருடம் நஷ்டம் என்று காட்டினாலும், மூடினால் மாமனார் வீட்டில் என்ன சொல்வார்கள் என்றுதான் கேட்டான். பிராண்ட் கனவோடு வந்த என்ஜினியர் ஒருவர் இருந்தார். லோகோவுக்கே இரண்டு லட்சம் செலவழித்தார். கடைசிவரை மெஷின் சத்தத்தைக் கேட்டால் அவருக்குத் தலை வலிக்கும். என் அலமாரியில் அதிகம் கரைந்தது இந்த இரண்டு வகைப் பணம்தான்: மற்றவர்கள் பார்ப்பதற்காக வைத்தது, தொழில் தெரியாமல் ஆசைப்பட்டு வைத்தது. பி.என். ரோட்டுக்காரரோ பத்து வருடம் மெஷினில் உட்கார்ந்துவிட்டுத்தான் அந்த அவமானத்தை வாங்கினார். எந்த ஊசிக்கு எந்த நூல் என்று அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. துரத்தப்பட்டவர்கள் நிலைப்பதற்குத் துரத்தலைவிட இதுதான் பெரிய காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். தான் இருந்த தொழிலிலிருந்து துரத்தப்படுகிறவர் அதே தொழிலுக்குள்தான் இன்னொரு வாசல் வழியாக வருகிறார்.

கையெழுத்து யாருடையது

ஒரு சங்கடமான விஷயம். மேலே சொன்ன பிரதமர் திட்டத்தில் பொதுப்பிரிவு ஆணுக்கு நகரத்தில் 15 சதவீதம் மானியம், பெண்ணுக்கு 25. கிராமப்புறம் என்றால் 25, 35. அதனால் என்னிடம் வரும் விண்ணப்பங்களில் பெண்கள் பெயர் நிறைய இருக்கும். பயிற்சிக்கு அவர் போவார், வங்கியில் அவர் கையெழுத்துப் போடுவார், படம் அவருடையது. மெஷின் கணவருடையது. இந்த ஃபைல்களில் தொழில் தொடங்கும் நோக்கம் என்ற இடத்தில் யாருடைய நோக்கத்தை எழுதுவது? அந்தப் பெண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

இலங்கையில் இதைத் தொட்டு ஒரு பெரிய சோதனை நடந்தது. சுனாமிக்குப் பிறகு, 2005இல் தொடங்கி, தெற்கு, தென்மேற்கு மாவட்டங்களில் மிகச் சிறிய தொழில் வைத்திருந்த சிலரைக் குலுக்கல் முறையில் எடுத்து 10,000 அல்லது 20,000 ரூபாய் கொடுத்துவிட்டு என்ன ஆகிறது என்று பார்த்தார்கள். சுரேஷ் டி மெல், டேவிட் மெக்கென்சி, கிறிஸ்டோபர் உட்ரஃப் மூவரும் நடத்தியது. மொத்தமாகப் பார்த்தால் போட்ட பணத்துக்கு மாதம் சுமார் ஐந்து சதவீதம் கூடுதல் வருமானம் வந்தது, எந்த வங்கி வட்டியையும்விட அதிகம். ஆண் பெண் என்று பிரித்துப் பார்த்தபோது அத்தனையும் ஆண்கள் கணக்கில் இருந்தது, பெண்கள் நடத்திய தொழில்களில் கூடுதல் வருமானம் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. பெண்களுக்குத் தொழில் வராது என்று அவசரமாகச் சொன்னவர்களும் உண்டு. பிறகு வேறு ஆய்வாளர்கள் இந்தத் தரவுகளை வீட்டுக் கணக்காகப் பார்த்தார்கள். அதே வீட்டில் இன்னொருவர் தொழிலும் இருந்தால், பெண் கைக்கு வந்த பணம் பெரும்பாலும் அங்கே போயிருந்தது. வீட்டில் பெண்ணின் தொழில் மட்டுமே இருந்த இடங்களில் அவர்களும் ஆண்களுக்குச் சமமாகவே பலன் காட்டினார்கள். எங்கள் ஊர் ஃபைல்களைப் புரட்டுகிற யாருக்கும் இதில் ஆச்சரியம் இருக்காது.

கைக்குழந்தைக்காக முன்னறையில் மெஷின் போட்ட பெண், கையெழுத்தும் நோக்கமும் ஒரே ஆளுடையதாக இருந்த ஃபைல். ஐந்து மெஷின் வரை வந்தார். கடனை ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டி முடித்தார். மானியப் பணம் மூன்று வருடம் வங்கியில் கிடந்து கணக்கில் வந்து சேர்ந்தது. பையன் ஆறாம் வகுப்புக்குப் போன வருடம் என்னிடம் வந்து, ஜி.எஸ்.டி. பதிவை ரத்து செய்ய வேண்டும் என்றார். நஷ்டமா என்று கேட்டேன். இல்லை என்றார். பையன் இப்போது தானே சாவி எடுத்து வீட்டைத் திறந்துகொள்கிறான், இனிமேல் எதற்கு இந்தத் தலைவலி என்றார்.

அரசு எடுக்கும் எந்தக் கணக்கிலும் இது மூடிய தொழில். தொழிலாளர் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வேலையில் இருப்பவர்களில் 58.4 சதவீதம் பேர், 2023-24 நிலவரப்படி, சுயதொழில் செய்பவர்கள். அந்தப் பட்டியலிலிருந்து ஒருவர் கழிந்துவிட்டார் என்றுதான் அதில் பதிவாகும். எதற்காகத் தொடங்கினாரோ அது முடிந்தது, மூடிவிட்டார் என்று எழுத அதில் கட்டம் இல்லை. பி.என். ரோட்டுக்காரருடைய காரணத்துக்கு முடிவே கிடையாது, எம்ப்ராய்டரிப் பையனுடையது ஊர் வாயில் இருக்கிறது. இவருடைய காரணம் மட்டும்தான் வளர்ந்து பள்ளிக்கூடம் போனது.

மெஷின்களைப் பெரிய நஷ்டமில்லாமல் விற்றுவிட்டு, வீரபாண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் லைன் சூப்பர்வைசராகச் சேர்ந்தார். முன்பு டெய்லராக இருந்தவர், நேராக சூப்பர்வைசர். பையனின் பள்ளிக் கட்டணத்துக்கு வரிச்சலுகை உண்டா என்று கேட்க வந்தபோது, சம்பளம் எப்படிப் பேசினீர்கள் என்று விசாரித்தேன். முதலில் பதினெட்டு என்றார்களாம். “ஒரு டீ-சர்ட்டுக்கு நூல், கரண்டு, கைமடி, டேமேஜ் எல்லாம் போக உங்களுக்கு என்ன நிக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க, நானும் பத்து வருஷம் ஓட்டியிருக்கேன்” என்று சொன்னாராம். இருபத்து நாலுக்குச் சேர்ந்திருக்கிறார்.